முப்பத்தோராம் பக்கம்

3-8-98, திங்கள்

விடியும்போதே தூறல். துணி காயவில்லை. ஆடிப் பதினெட்டு. இந்த வருஷம் ஒன்றும் கிடையாது. சாமி படத்துக்குப் பூ மட்டும்.

வாங்க வேண்டியது: சீமெண்ணெய், உப்பு, அவருக்குச் சளி மாத்திரை, சைக்கிள் பிரேக் கட்டை.

ஷெட்டில் நாலு கட்டு ஊதுபத்தி. கை உருட்டுகிறது, மனசு எங்கேயோ. மேஸ்திரி ஜெயம்மா ஒரு கட்டைத் திருப்பிப் போட்டாள். "பொன்னம்மா, இது ஊதுபத்தியா முருங்கைக்காயா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் நினைப்பு வந்தது, என் மகன் குமார் போய் இன்றோடு நாற்பத்துமூன்று நாள்.

மூன்று மணிக்கு ஷெட் வாசலில் சவிதா. குமார் வேலை பார்த்த கம்ப்யூட்டர் ஆபீஸ் பெண். அவனுக்குப் பக்கத்து மேஜை. காரியத்துக்கு வந்தவள், அப்புறம் இப்போதுதான். முகம் சரியில்லை. குமாருடைய நோட்டு வேண்டும் என்றாள். வீட்டுக்குக் கூட்டிவந்து அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காக்கி அட்டை போட்ட நீள நோட்டு. பிரித்தாள், ஐந்தாறு பக்கம் தள்ளினாள், என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாம் தமிழ்ல இருக்கு. எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. நீங்க படிச்சுக் காட்டணும்மா."

நான் படித்தது ஐந்தாவது, சத்தியமங்கலம் பக்கம். குமாருக்கு இங்கே மைசூர்ப் பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து நான் போட்டுக் கொடுத்ததுதான். "ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் இது படிக்க வராதும்மா, முதலாளியத் திட்டி எழுதுனாக்கூட மாட்ட மாட்டேன்" என்பான். அவன் அப்பாவுக்கும் தமிழ் பேச்சு மட்டும்தான். வாசிப்பது கன்னடம்.

விஷயம் இது. ஒரு நர்ஸிங் ஹோமுக்கு இவர்கள் ஆபீஸ் புரோகிராம் செய்து கொடுத்திருக்கிறது. ரத்தம், மூத்திரம் சோதித்த முடிவை மிஷின் காகிதத்தில் அடித்துத் தரும். போன வாரம் ஒரு எட்டு மாசக்காரிக்கு மூத்திரத்தில் ஆல்புமின் "நில்" என்று அடித்துக் கொடுத்திருக்கிறது. நில் என்றால் இல்லை, பயமில்லை. ஆனால் அந்தச் சோதனையே அன்று நடக்கவில்லையாம். வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள் அவளுக்கு வலிப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை கண்ணாடிப் பெட்டியில்.

அந்த இடத்துப் புரோகிராம் எழுதியது குமார்.

"என்ற பையன் தப்புப் பண்ணிட்டானா கண்ணு?"

"தெரியலம்மா. நோட்ல இருக்கும்."

ராத்திரி சோறு போடும்போது அவரிடம் சொன்னேன். "போயிட்டு வா" என்றார். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. இன்று இரண்டுதான்.

4-8, செவ்வாய்

ஷெட்டுக்கு லீவு சொல்லியாயிற்று. பஸ் 10 மணிக்கு.

சாமராஜபுரம், டெய்லர் கடைக்கு மேலே மாடி. செருப்பை வெளியே விடச் சொல்கிறார்கள், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். உள்ளே ஏ.சி. குளிர். வெயில் காலத்திலும் குமார் ஏன் ஸ்வெட்டர் எடுத்துப்போனான் என்று இன்றுதான் தெரிந்தது. கேட்டிருக்கலாம்.

அவன் நாற்காலி காலியாக. "கூத்கொள்ளி அம்மா", உட்காருங்கள் என்று சவிதா அதையே இழுத்துப் போட்டாள். வேறு நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் படிக்கிறேன், அவள் கன்னடத்தில் எழுதிக்கொள்கிறாள். வேரியபிள், ஸ்ட்ரிங், இன்டிஜர் என்று வருவது எனக்கு என்னவென்று தெரியாது. எழுத்துக்கூட்டினால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. தமிழாக வருவது எனக்குப் புரியும், அவளுக்குப் புரியாது, நான் கன்னடத்தில் சொல்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள்.

பக். 9: "லேப்ல சீழ் அணு 3-4ன்னு எழுதறாங்க. இந்த எருமை அதைக் கழிச்சு -1ன்னு அடிக்குது. கோடு கழித்தல் இல்லடா, மூணுல இருந்து நாலு வரைக்கும்னு அர்த்தம். யார் இதுக்குச் சொல்றது."

சவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரே போன் பண்ணினாராம். ஒன்றுமில்லாததற்கும் கீழே ஒருத்தருக்கு எப்படியம்மா சீழ் இருக்கும் என்று.

பக். 12: படுக்கை எண் 012 என்று போட்டால் முன்னால் உள்ள சைபரைப் பார்த்துவிட்டு அதை எட்டெட்டாக எண்ணிப் பத்து ஆக்கிவிடுகிறதாம். பன்னிரண்டாம் படுக்கைக்காரி ரிப்போர்ட் பத்தாம் படுக்கைக்குப் போயிருக்கிறது. பத்தில் குடலிறக்கத்துக்கு வந்த மீசைக்காரர். "அவருக்குக் கர்ப்பம் உறுதி" என்று எழுதி, பக்கத்தில் மீசை படம் போட்டிருக்கிறான்.

பக். 15இல் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இது வேலை சமாச்சாரம் இல்ல கண்ணு."

"பிரசாத் சார் பத்தியா? அப்ப கட்டாயம் படிங்க."

படித்தேன். முதலாளி மண்டைக்கு ஒரு ஏ.சி. தனியாக வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். அந்த நேரம் பார்த்து பிரசாத் சாரே கதவைத் திறந்தார். "ஏனாதரு சிக்கிதா?" ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். இல்லை சார் என்றாள், குனிந்துகொண்டே.

எங்கே தப்பு வருகிறது என்று கேட்டேன். சொன்னாள். பெரிய புரோகிராம் ஒன்று. அதற்குள் ஒரு குட்டி பாஷையை வைத்திருக்கிறார்கள். காகிதம் எப்படி அடிக்க வேண்டும் என்று டாக்டர் மாற்றி மாற்றிக் கேட்பார், அதை அந்தக் குட்டி பாஷையில் எழுதினால் பெரியதைத் தொட வேண்டாம். பெரியதில் எண்ணுக்கு ஒரு டப்பா, எழுத்துக்கு ஒரு டப்பா, தேதிக்கு ஒரு டப்பா, ஒன்றுமே வரவில்லை என்பதற்கும் ஓர் அடையாளம். குட்டியிடம் டப்பாவே கிடையாது, எல்லாம் ஒரே சாக்கு. சாக்கிலிருந்து டப்பாவுக்கு, டப்பாவிலிருந்து சாக்குக்கு மாற்றிவிட நடுவில் ஒரு வாசல். அந்த வாசலைக் கட்டியது குமார். அங்கே வரும்போது "ஒன்றும் வரவில்லை" என்பது 0 ஆகிவிடுகிறது. 0 என்றால் காகிதத்தில் நில்.

எங்கள் ஷெட்டில் ஜெயம்மா சிலேட்டு வைத்திருக்கிறாள். ஆள் வராவிட்டால் பேருக்கு நேரே கோடு. வந்து உருட்டி, உருட்டினது அத்தனையும் கழிந்துபோனால் சைபர். கோடும் சைபரும் ஒன்றில்லை, ஒருநாள் மாற்றிப் போட்டுவிட்டதில் கூட உருட்டும் லட்சுமிக்கும் அவளுக்கும் சண்டையே நடந்தது.

"அப்ப கோடு போடற எடத்துல சைபர் போட்டுடுச்சு" என்றேன்.

சவிதா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அதேதாம்மா. பிரசாத் சாருக்குப் புரிய வைக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு."

ஆல்புமினுக்கு மட்டும் அவள் அடைப்புப் போட்டுவிட்டாள். வேறு எந்தெந்தச் சோதனை இப்படிப் போகிறதோ தெரியவில்லை. அறுபதுக்கு மேல் இருக்கிறதாம். ஒவ்வொன்றாகத் தேடினால் மாசமாகும். காகிதம் தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நிறுத்த முதலாளிக்கு மனசில்லை, நிறுத்தினால் நர்ஸிங் ஹோம் கைவிட்டுப் போய்விடுமாம்.

நோட்டு மொத்தம் 44 பக்கம். இன்று 18. இன்னும் வேகமாகப் படிக்க முடியும். படிக்கவில்லை. எழுத்து அவன் பேசுகிற மாதிரியே இருக்கிறது. முடிந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது.

5-8, புதன்

மழை இல்லை, மூட்டம். காலையில் இட்லி. அவர் இரண்டு சாப்பிட்டார்.

இன்று பக். 19இலிருந்து. 30 வரை பிரின்டர் சமாச்சாரம், ஒரு பிஸ்கட் கணக்கு, யாருக்கோ கொடுத்த குடை.

பக். 31, எழுதினபடியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"ஜூன் 5, வெள்ளி. பெரிய ஓட்டை. டெஸ்டே பண்ணாத எடம் வெறுமையா வருது, வாசலைத் தாண்டினா 0 ஆயிடுது, பேப்பர்ல நில்னு அடிக்குது. ஆல்புமின், சர்க்கரை, காமாலை மூணும் இப்படி. மத்ததையும் பாக்கணும். வாசல்ல மொதல்ல டெஸ்ட் நடந்துச்சா இல்லையான்னு கேக்கணும், அப்பறம்தான் நம்பரா மாத்தணும். திங்கக்கிழமை முதல் வேலை. சவிதாகிட்டச் சொல்லணும்."

மனசுக்குள் படித்தேன். வாய் திறக்கவில்லை. தாளைத் திருப்பிவிட்டேன். "முப்பத்திரெண்டு" என்று நானே சொல்லி மேலே படித்தேன். அங்கிருந்து கடைசிவரை அவன் முன்பே எழுதிவைத்த சோதனைப் பேர்கள். அவள் தலை நிமிரவில்லை.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தான் என்றால் சின்னப் பையன், போய்விட்டான், பாவம் என்பார்கள். தெரிந்தும் விட்டான் என்றால்?

தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது முதலாளி போனில் பேசுவது காதில் விழுந்தது. கன்னடம்தானே, புரியும். "லெட்டர்ல எழுதிடலாம். அந்தப் பையனோட அஜாக்கிரதை. அவன் இப்ப இல்ல. போனவன் மேல போட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டம் யாருக்கு என்று கேட்கிறார். பஸ்ஸில் வரும்போது பூராவும் அதே.

நர்ஸிங் ஹோமுக்குச் சனிக்கிழமை லெட்டர் போகிறதாம். சவிதா சொன்னாள்.

6-8, வியாழன்

போகவில்லை. தலைவலி என்று பூத்திலிருந்து போன் பண்ணிவிட்டேன். தலைவலி இல்லை. ஷெட்டுக்கும் போகவில்லை.

அரிசி களைந்தேன். மறுபடியும் களைந்தேன். உலை வைக்க மறந்துபோயிற்று.

இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

குமாருக்குச் சனிக்கிழமை காய்ச்சல். ஜூன் 6. திங்கட்கிழமை ஆபீஸ் போகிறேன் என்று எழுந்தவன் குளியலறையில் விழுந்தான். புதன் ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை கண்ணெல்லாம் மஞ்சள். அன்று மத்தியானம் என் கையைப் பிடித்தான். கை கொதித்தது.

"அம்மா, சவிதாகிட்டச் சொல்லு. நோட்ல முப்பத்தொண்ணு. டெஸ்ட் பண்ணாதது நில்னு வருது. அவசரம்னு சொல்லு."

"சொல்றேன் சாமி, நீ கண்ணை மூடு."

சாயங்காலம் விழித்தான். "சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

சொல்லவில்லை. அதைக் கேட்டுவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கினான்.

அவனைத் தின்றது அந்த ஆபீஸ்தான் என்று எனக்கு அப்போது நினைப்பு. நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, ஞாயிறும் வேலை. காய்ச்சலிலும் அதே பேச்சா என்று கோபம். முதலில் பிழைத்து எழட்டும், அந்த நோட்டு எங்கே போய்விடப்போகிறது. சவிதா பூத்துக்கு மூன்று தரம் போன் பண்ணினாள். தூங்குகிறான் என்றேன். பார்க்க வருகிறேன் என்றாள். டாக்டர் விடமாட்டார் என்றேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

அவன் போன பிறகு அந்தப் பேச்சே மறந்துபோயிற்று. மறந்ததா, மறக்கப் பார்த்தேனா, தெரியவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் இருப்பது பெண் குழந்தையாம்.

7-8, வெள்ளி

வரலட்சுமி பூஜை. தெரு முழுக்க மாவிலை. ஷெட் லீவு. பக்கத்து வீட்டு சாரதம்மா எல்லோரையும் தாம்பூலத்துக்குக் கூப்பிட்டாள், என்னை விட்டுவிட்டு. கூப்பிட்டிருந்தாலும் போகமாட்டேன், சாவு வீடு. ஆனாலும் சுட்டது.

சும்மா இருக்க முடியவில்லை. அந்த நர்ஸிங் ஹோமுக்கு பஸ் பிடித்துப் போனேன். லேப் முன்னால் பெஞ்சு. யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை.

உள்ளே பிரின்டர் கரகரவென்று அடிக்கிறது. நின்றதும் ஒரு பெண் காகிதத்தைக் கிழிக்கிறாள், இரண்டு ஓரத்து ஓட்டைப் பட்டையையும் கிழித்துப் போடுகிறாள், பேர் கூப்பிடுகிறாள். மறுபடி கரகர. கீழே பட்டைகள் குவிந்து கிடக்கின்றன. என் மகன் கட்டின வாசல் வழியாக வருகிற காகிதம் ஒவ்வொன்றும்.

பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். ஆறு மாசம் இருக்கும். காகிதத்தை என்னிடம் நீட்டி "அக்கா, ஏன் பரெதிதே நோடி" என்றாள். என்ன எழுதியிருக்கிறது பாருங்கள் என்று. இங்கிலீஷ். எனக்கு வராது என்றேன். "எல்லா நில் நில் அந்தெ இதே, ஒள்ளேதே அல்வா?" என்று அவளே சிரித்தாள். எல்லாம் நில் என்றுதானே இருக்கிறது, நல்லதுதானே.

டாக்டரைக் கேள் என்றேன். டாக்டர் பூஜைக்கு வீட்டுக்குப் போய்விட்டார், நாளைக்குத்தான் என்றாள். தலையில் மல்லிகை. கண்ணாடி வளையல் புதுசு. மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. நனைந்தேன்.

8-8, சனி

காலையில் முதல் பஸ். ஆபீஸ் திறக்கவில்லை, டெய்லர் கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். சவிதா வண்டியை நிறுத்தும்போதே சொல்லிவிட்டேன். மேலே போனால் வாய் வராமல் போய்விடும் என்று பயம்.

"முப்பத்தொண்ணாம் பக்கத்தை நான் படிக்கலை கண்ணு. தாண்டிட்டேன். அதுலதான் எல்லாம் இருக்கு."

அங்கேயே நின்றபடி படித்துக் காட்டினேன். ஆல்புமின், சர்க்கரை, காமாலை. வாசலில் முதலில் கேட்க வேண்டியது. திங்கட்கிழமை. சவிதாவிடம் சொல்ல வேண்டும்.

பிறகு ஆஸ்பத்திரியில் அவன் சொன்னதையும் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்று நான் அவனிடம் சொன்னதையும்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "மூணு தரம் போன் பண்ணேனேம்மா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மேலே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள் ஒரு மணிவரை எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒரு டீ வந்தது, அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கெடச்சுது" என்றாள். மூன்றில்லை, ஐந்து. ஐந்துக்கும் ஒரே இடத்தில் அடைப்பு. குமார் எழுதியிருந்த மாதிரியே, முதலில் நடந்ததா என்று கேட்கிறது. நடக்கவில்லை என்றால் காகிதத்தில் "சோதனை செய்யவில்லை" என்று அடிக்கிறது. அடித்துக் காட்டினாள்.

முதலாளி வந்தார். அவள் எல்லாம் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மெதுவாக, "அம்மா, இது வெளிய போகக் கூடாது. அவனுக்குத் தெரியும்னா கம்பெனிக்கே தெரியும்னு ஆயிடும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழிச்சுக் குடுங்க."

"நோட்டு என்ற மகனோடதுங்க."

"நான் உங்க பையனைக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

"அவன் சொன்னான். நான்தான் கொண்டாந்து சேர்க்கலை. அப்படியே லெட்டர்ல எழுதிடுங்க. பொன்னம்மான்னு பேர் போட்டு."

"அம்மா பேரெல்லாம் கம்பெனி லெட்டர்ல வராதும்மா."

"அப்ப மகன் பேரும் வரக்கூடாதுங்க."

இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் இரண்டு பெண் குழந்தைகள், படம் மேஜைமேல் இருக்கிறது. சவிதா எழுந்து, "சார், அடிச்ச பேப்பர் எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும். ஜூன்ல இருந்து. யார் யாருக்கு நடக்காத டெஸ்ட் நில்னு போச்சோ அவங்களை எல்லாம் கூப்பிடணும். நீங்க நர்ஸிங் ஹோமுக்குப் போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?" என்றாள்.

பண்ணினார். அவரே.

நான் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சவிதா வாசல்வரை வந்தாள். நோட்டைக் கொடுத்தாள்.

9-8, ஞாயிறு

வெயில். துணியெல்லாம் போட்டேன்.

மத்தியானம் அவரிடம் சொல்லிவிட்டேன். மீன் குழம்பு வைத்து, சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து. குமார் ஆஸ்பத்திரியில் ஒரு சேதி சொன்னான், நான் சேர்க்கவில்லை, சேர்த்தேன் என்று அவனிடம் பொய் சொன்னேன் என்று.

கையைக் கழுவப் போனவர் அப்படியே திரும்பி உட்கார்ந்தார்.

"தெரியும் புள்ள."

"என்னது?"

"அவன் சொல்றப்ப பிளாஸ்க்க வெச்சுக்கிட்டு பின்னாடியேதான் நின்னேன். நீ போகலைன்னும் தெரியும்." கை காய்ந்துகொண்டிருந்தது. "தெனமும் ஆஸ்பத்திரியில இருந்து வொர்க்ஷாப்புக்கு அந்த டெய்லர் கடை வழியாத்தான் சைக்கிள்ல போனேன். ஏறிச் சொல்லியிருக்கலாம். பதினாலு படி. ஏறலை. வேலை வாங்கியே அவனைக் கொன்னுடுவாங்கன்னு எனக்கும் கோவம்."

இத்தனை நாளில் அவர் பேசியதில் இதுதான் அதிகம். இரண்டு பேரும் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். குழம்பு ஆடை கட்டிவிட்டது.

நாலு மணிக்கு சவிதா வந்தாள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். லிஸ்ட் வைத்திருந்தாள். ராத்திரி பூராவும் அவளும் நர்ஸிங் ஹோம் ஆளும் பழைய பதிவைப் பார்த்திருக்கிறார்கள். போன் உள்ளவர்களைக் கூப்பிட்டாயிற்று, பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆள் போயாயிற்று. லெட்டரும் போய்விட்டது. குமார் பேர் இல்லை, புரோகிராமில் பிழை, திருத்திவிட்டோம் என்று மட்டும்.

பூஜை நாளில் பெஞ்சில் பார்த்தவளைப் பற்றிக் கேட்டேன். மல்லிகை, புது வளையல், ஆறு மாசம். அன்றைய தேதியில் மூன்று பேர், மூன்று பேருமே இன்று காலையே வந்துவிட்டார்களாம். ஒருத்திக்குச் சர்க்கரை இருக்கிறது. ஊசி எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தவள்தானா, தெரியாது.

ஒருத்திதான் அகப்படவில்லை. மாதம்மா, வயது 22, ஏழு மாசம் முடிந்தது, கணவன் பேர் மாதேவா, ஊர் ஹனூர். தெரு இல்லை, நம்பர் இல்லை. ஜூலையில் தங்கச்சி வீட்டுக்கு மைசூர் வந்தவள் இங்கே காட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். ஆல்புமின் சோதிக்காமலே நில். கார்டு போட்டிருக்கிறார்களாம்.

"கார்டு போக நாலு நாள் ஆகும்" என்றேன்.

"என்னம்மா பண்றது. ஹனூர்ல எங்கன்னு தேடுவாங்க."

மாதேஸ்வரன் மலைப் பக்கம். வீட்டுக்கு வீடு மாதம்மா, மாதேவா. அவருக்குக் கொள்ளேகால் சொந்த ஊர், ஹனூர் அவர் அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம். அவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நாங்க போறோம் கண்ணு. காயிதத்தை எங்கிட்டக் குடு."

சவிதா கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் கையை விடவில்லை. கொஞ்ச நேரம். அவள் கை எப்போதும் அந்த ஏ.சி.யில் இருந்து சில்லென்று இருக்கிறது.

10-8, திங்கள்

கொள்ளேகால் பஸ் ஆறரைக்கு. ஜன்னல் ஓரம் அவர். டி.நரசிபுரம் தாண்டி நல்ல வெயில். கொள்ளேகாலில் இட்லி, அங்கிருந்து வேறு பஸ். பத்தரைக்கு ஹனூர்.

எடுத்து வந்தது: நர்ஸிங் ஹோம் காகிதம், டாக்டர் எழுதிய சீட்டு, தண்ணீர், இந்த நோட்டு, இரண்டு ஆரஞ்சு.

அவர் அக்கா வீட்டில் கேட்டோம். அக்கா, "எந்த மாதம்மாங்க? பால்காரர் மருமவளா, ரேசன் கடைக்காரர் மவளா, சோளக் கொல்லைக்காரியா?" என்றார். மூன்று பேருமே வயிற்றுப் பிள்ளைக்காரிகளாம். "இந்த வருசம் ஊர்ல மாதம்மாவுங்க எல்லாம் முந்திக்கிட்டாளுக."

பால்காரர் மருமகள் மைசூருக்கே போனதில்லை. ரேஷன் கடைக்காரர் மகளுக்கு ஐந்தாம் மாசம், கணவன் பேரும் வேறு.

சோளக் கொல்லை ஊருக்கு வெளியே ஒன்றரை மைல். நடந்து வந்தோம். ஓட்டு வீடு, பூட்டியிருக்கிறது. எதிர்வீட்டில் ஒரு அம்மாள் சொன்னாள்: மாதம்மா நேற்றிலிருந்து தலைவலி, கால் வீக்கம் என்று படுத்திருந்தாள், இன்றைக்கும் பிடிவாதமாக கொல்லைக்குப் போயிருக்கிறாள். ஆமாம், ஜூலையில் மைசூர் போய் வந்தவள்தான். "அங்க டாக்டரு எல்லாம் நல்லாருக்குன்னு காயிதமே குடுத்துட்டாங்களே, அதைத்தான் ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரியுறா."

தலைவலி, வீக்கம் என்றால் வலிப்பு வருமுன் உடனே ஆஸ்பத்திரி என்று டாக்டர் சீட்டில் இருக்கிறது. அவர் வண்டிக்காகத் திரும்ப ஊருக்குள் ஓடியிருக்கிறார். இந்த வயதில் ஓடுகிறார். கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு டெம்போவாவது பிடிக்க வேண்டும். ஆள் அனுப்பியாயிற்று கொல்லைக்கும். நான் வாசல் கல்லில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கையைச் சும்மா வைக்க முடியவில்லை.

என்ன சொல்லி ஆரம்பிப்பது. உன் காகிதம் பொய் என்றா. பயப்படாதே என்றா. நான் யார் என்று கேட்பாள்.

சோளத்துக்கு நடுவில் சேலை நிறம். ஒரு கையை இடுப்பில் ஊன்றி மெதுவாக வருகிறாள். வயிறு தெரிகிறது. முகம் வீங்கியிருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது.

எழுந்திருக்கிறேன்.